பென்சிலால் எழுதிய பெயர்

“பத்து வருசத்தால இந்த வீட்டில எத்தனை பேர் இருப்பினம் அம்மா?”

சல்லிக் கிராமத்தின் கரையைக் கடல் அரித்துக்கொண்டிருந்தது. குடும்பங்களை மேட்டு நிலத்தில் குடியேற்றும் திட்டத்துக்காக, நிரோஜினி வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தாள். ஆட்களின் தொகையைப் பார்த்துத்தான் காணி கிடைக்கும்.

“நாலு பேர்,” என்றாள் சிவக்கொழுந்து.

“இப்ப நீங்கள் தனியத்தானே?”

“மகன் கனடாவால வந்திடுவான். பிறகு மருமகள், ஒரு பேரப்பிள்ளை.”

“நிச்சயமெண்டால் பேனையால எழுதுவன். இல்லையெண்டால் பென்சிலால.”

“பேனையாலயே எழுதுங்கோ.”

நிரோஜினி பேனையைத் திறந்தாள். குனிந்தபடியே கேட்டாள்.

“மகன் அங்க கலியாணம் கட்டிட்டாரோ?”

“இல்லைப் பிள்ளை. எட்டு வருசத்துக்கு முந்தி ஒருத்தியைக் கட்டப்போறன் எண்டு வந்து நிண்டவன். அன்புவழிபுரத்துப் பிள்ளை. மீன் வெட்டவும் தெரியாதவள், இந்தக் கரையில சீவிக்க ஏலாது எண்டு நான்தான் மறிச்சனான். கோவத்தில போனவன் இன்னும் கட்டேல்லை. அவளும் கட்டாமல்தான் இருக்கிறாளாம். நான் அவளைப் படத்தில மட்டும்தான் பாத்தனான்.”

பேனை அசையவில்லை.

“மருமகளின்ர பேரைக் கேக்கேல்லையே?”

“சொல்லுங்கோ.”

“உங்கட பேரை நான் சொல்லித் தரவேணுமே, பிள்ளை?”

நிரோஜினி பேனையை மூடி வைத்தாள். பென்சிலைத்தான் எடுத்தாள். ஆனால், தாள் கிழியுமளவுக்கு அழுத்தி எழுதினாள்.