யாரும் உட்காராத நாற்காலி

மாமனாருக்கு வீட்டில் இன்னொரு பெயர் உண்டு. 'அப்பவே சொன்னேன்.' அவர் காதுபடவே அப்படிக் கூப்பிடுவார்கள். அவரும் ஏதோ பட்டம் கொடுத்த மாதிரி திரும்பிப் பார்ப்பார்.

மழை வருமா என்று கேட்டால், வந்தாலும் வரும், வராமலும் போகும் என்பார். எல்லோரும் தொப்பலாக நனைந்து வந்தால், "நான் அப்பவே சொன்னேன்." குடையைச் சுமந்துகொண்டு போய் வெயிலில் காய்ந்து திரும்பினாலும், "நான் அப்பவே சொன்னேன்."

எல்லாம் சாய்வு நாற்காலியில் மல்லாந்தபடிதான். அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்காரக் கூடாது. மாமியாருக்கே அனுமதி இல்லை.

மருமகளுக்கு இதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். அவள் பார்க்கும் வேலை அப்படி. நாற்காலி செய்யும் கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருக்கிறாள். புதிதாக எது வந்தாலும் மணல் மூட்டையை ஏற்றி, முன்னும் பின்னும் ஆட்டி, கீழே தள்ளி, எப்படியாவது உடைக்கப் பார்ப்பாள். அவள் படுத்துகிற பாட்டுக்கும் அசையாமல் நிற்பதுதான் கடைக்குப் போகும்.

இந்த முறை சோதனைக்குப் போவது அவளே வடிவமைத்த நாற்காலி. வெள்ளிக்கிழமை பெரிய இயந்திரத்தில் ஏற்றுகிறார்கள். தாங்கிவிட்டால் அந்த நாற்காலியை வீட்டுக்கே கொண்டுவரலாம், கூடவே வடிவமைப்புப் பிரிவுக்கு மாற்றல், அவளுடைய நெடுநாள் ஆசை. உடைந்தால் உடைக்கிற வேலையிலேயே காலம் தள்ள வேண்டியதுதான்.

திங்கட்கிழமை சாப்பாட்டு மேஜையில் இதே பேச்சு. கணவன் கட்டாயம் நிற்கும் என்றான். மாமியாரும் அதையே சொன்னார். மாமனார் மட்டும், "நின்னாலும் நிக்கும்..." என்று இழுத்தார்.

மருமகள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மாமா, இந்த ரெண்டுங்கெட்டான் பேச்சு இன்னைக்கு வேண்டாம். நிக்குமா, உடையுமா? ஒண்ணு சொல்லுங்க."

"அது எப்படிம்மா இப்பவே..."

"இப்பவேதான். உங்க பேச்சு யாரும் உட்காராத நாற்காலி மாமா. காலத்துக்கும் உடையாது. அதனால அது உறுதின்னு ஆயிடுமா? தப்பாப் போறதுக்கும் இடம் வச்சுச் சொல்லுங்க. அப்பத்தான் சரியாப் போனா அதுக்கு மதிப்பு."

மாமனார் காதோரத்தைச் சொறிந்துகொண்டார்.

"உங்க கம்பெனியில, எல்லாம் நல்லாத்தான் இருக்கு, நிக்கும்னு சொல்றவங்களால என்னம்மா பிரயோஜனம்?"

"ஒண்ணும் கிடையாது. உடையும்னு அடிச்சுச் சொல்ல ஒருத்தர் இருந்தாத்தான் நாங்க ஒழுங்காச் சோதிப்போம்."

"அப்படியா," என்றார். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். "அப்ப எழுதி வச்சுக்கோ. உடையும்."

வாயில் ஒரு நல்ல வார்த்தை வராதா என்று மாமியார் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். கேட்டு வாங்கியது தான்தான் என்று தெரிந்தும் மருமகளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் ரோஷத்தோடு வேலைக்குப் போனாள். விதியில் இருப்பதைவிட அதிகமாக மூட்டைகளை ஏற்றினாள். நேராக ஆட்டினது போதாதென்று கோணலாகவும் ஆட்டினாள். பின்னங்கால் ஒன்று 'கிறீச்' என்றது. கழற்றிப் பார்த்தால் இணைப்பில் மயிரிழை போல ஒரு விரிசல்.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இது தெரியாமல் வெள்ளிக்கிழமை ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இணைப்பை மாற்றினாள், குறுக்கே ஒரு கட்டை கொடுத்தாள், மறுபடி ஏற்றினாள். மாமனாரின் 'உடையும்' காதில் கேட்கும்போதெல்லாம் இன்னொரு மூட்டை ஏறியது.

வெள்ளிக்கிழமை இயந்திரம்தான் களைத்துப்போனது. நாற்காலி அப்படியே நின்றது. உட்கார்ந்து பார்த்த மேலாளருக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை. மாற்றல் உத்தரவை அதில் உட்கார்ந்தபடியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் நாற்காலியோடுதான் வீட்டில் வந்து இறங்கினாள். மாமனார் வாசலுக்கே வந்துவிட்டார்.

"நின்னுடுச்சு மாமா. நீங்க சொன்னது தப்பு."

"தப்புதாம்மா," என்றார் அவர். "சுத்தத் தப்பு."

கல்யாணமான நாளிலிருந்து மாமியார் அந்த வாயிலிருந்து இந்த வார்த்தையைக் கேட்டதில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னார். செல்போனில் பிடிக்க வேண்டும் என்று மகன் கேட்டதற்காக மறுபடியும் சொன்னார். வீடே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. தோற்றவர்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. பழைய சாமான் எடுக்கிறவர். நேராகக் கூடத்துக்கு வந்து, மாமனாரின் சாய்வு நாற்காலியில் கை வைத்தார்.

மருமகள் பதறிப்போனாள். "அதை எங்க தூக்கறீங்க? அது மாமாவோடது. யாரும் தொடக்கூடாது."

மாமனார் அவசரமாகப் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

"என்னம்மா இப்படிக் கேக்கறீங்க? போன வாரமே பேசி முடிச்சாச்சே," என்றார் வந்தவர். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து இதை எடுத்துடு, இந்த இடத்துல என் மருமக செஞ்ச நாற்காலி வரப்போகுதுன்னாரு. ஒருவேளை அது உடைஞ்சுட்டா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். உடையாது, உடைஞ்சா நான் தரையில உட்காந்துக்கறேன்னாரு. ஐயா அப்பவே சொன்னாரே."