ஸ்க்ரூ முடுக்கும்போது உடைஞ்சது

"ஸ்க்ரூ முடுக்கும்போது உடைஞ்சுது. அப்படித்தானே?"

"இல்லை. பெயின்ட் டப்பா மூடியை நெம்பினேன். பட்டுனு போயிடுச்சு."

கவுன்டர் மேல மல்டி டூல் கிடந்தது. அதோட தட்டை ஸ்க்ரூ டிரைவர் முனை பாதியில முறிஞ்சிருந்தது. மிச்சத்துல பச்சைப் பெயின்ட்.

எங்க கம்பெனி செய்றதே மல்டி டூல்தான், கத்தி, குறடு, ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் ஒண்ணுக்குள்ள மடங்கிக்கிற கருவி. அமெரிக்காவுல, ஓரிகன்ல மழை விடாத ஒரு ஊர். ஃபேக்டரி வாசல்லயே ரிப்பேர் கவுன்டர். ஆயுசுக்கும் வாரண்டி, எது உடைஞ்சாலும் சும்மாவே மாத்திக் கொடுப்போம். ஒரே ஒரு விதி, ஸ்க்ரூ டிரைவரால ஸ்க்ரூதான் முடுக்கியிருக்கணும். நெம்பியிருந்தா கிடையாது.

அதனால வர்றவங்க எல்லாரும் ஒரே கதைதான் சொல்வாங்க. "ஸ்க்ரூ முடுக்கிட்டிருந்தேன், உடைஞ்சிடுச்சு."

எனக்கு இந்த முனைங்கன்னா உயிர். பார்த்தாலே சொல்லிடுவேன். முடுக்கி உடைஞ்சா ஓரம் முறுக்கிக்கிட்டு நிக்கும், அதுக்கு வருஷக்கணக்காகும். நெம்பினா பிஸ்கட் மாதிரி குறுக்கே முறியும். வர்றதுல முக்கால்வாசி பிஸ்கட்தான். ஆனாலும் வாடிக்கையாளர் 'ஸ்க்ரூ'ன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டுட்டா நாங்க மேற்கொண்டு கேக்க மாட்டோம்.

எப்பவாச்சும்தான் இப்படி ஒருத்தர் வந்து உண்மையைச் சொல்லி மாட்டிக்குவாங்க.

பேர் லோர்னா. கோடை முழுக்க மலை உச்சியில, காட்டுத்தீ காவல் கோபுரத்துல தனியா இருக்கிற வேலை. நாளைக்குக் காலையில மேலே ஏறணும்.

"இந்த முனை இல்லாம ரேடியோ பேட்டரி மூடியைக் கழட்ட முடியாது தம்பி. ரேடியோ இல்லைன்னா புகையைப் பார்த்து நான் யாருக்குச் சொல்றது, கரடிக்கா?"

"தனி ஸ்க்ரூ டிரைவர் ஒண்ணு எடுத்துட்டுப் போங்களேன்."

"போன வருஷம் எடுத்துட்டுப் போனேன். படிக்கட்டு இடுக்குல விழுந்து பள்ளத்துக்குப் போயிடுச்சு. இதுன்னா இடுப்புலயே இருக்கும். முனைக்கு என்ன விலையோ வாங்கிக்கோங்க."

"தனியா விக்கிறதில்லையே."

நான் குரலைத் தாழ்த்தினேன். "நல்லா யோசிச்சுப் பாருங்க. அந்த மூடியில ஸ்க்ரூ ஏதாச்சும் இருந்துச்சா?"

"பெயின்ட் டப்பா மூடியிலயா?"

"பக்கத்துல எங்கயாச்சும்?"

பக்கத்து மேஜையில என்கூட வேலை பார்க்கிற டெஸ் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கிட்டா.

லோர்னா சிரிச்சாங்க. "தம்பி, மேலே உக்காந்து நான் பண்ற வேலையே பார்த்ததைச் சொல்றதுதான். மூடுபனின்னா மூடுபனி, புகைன்னா புகை. மாத்திச் சொல்லிப் பழகிட்டா என் பேச்சை நம்பி எவன் தீயணைக்க வருவான்? பெயின்ட் டப்பான்னே எழுதுங்க."

அந்த நேரம் பார்த்து மார்லீன் வந்து நின்னாங்க. ரிப்பேர் பிரிவுக்கே தலைவி. எங்க கேலிக்கு ஆளும் அவங்கதான். ஊருக்கெல்லாம் ரிப்பேர் பண்றவங்க இடுப்புல தொங்குற பழைய டூல்ல அடிக்கடி முனை உடையும். "வீட்டுல பாறாங்கல்லை முடுக்குறாங்களோ என்னமோ" என்பா டெஸ்.

மார்லீன் ஃபார்மைப் பார்த்தாங்க.

"நெம்பினீங்களா?"

"நெம்பினேன்."

"அப்போ வாரண்டி கிடையாது."

"மார்லீன், அவங்க காலையில மலைக்குப் போகணும்..."

"விதி விதிதான் டிரெவர். ஃபார்ம்ல வாரண்டி இல்லைன்னு எழுது. நான் டூலைப் பார்த்துட்டு வர்றேன்." எடுத்துக்கிட்டு உள்ளே போயிட்டாங்க.

எனக்கு லோர்னா முகத்தைப் பார்க்கவே கூச்சமா இருந்தது. அவங்க என்னைத் தேத்தினாங்க. "அவங்க சொன்னதுல என்ன தப்பு? மூடியை நெம்பினது நான்தானே."

கொஞ்ச நேரத்துல மார்லீன் டூலை மடக்கிக் கொண்டு வந்து கொடுத்தாங்க. "துடைச்சு எண்ணெய் விட்டிருக்கேன். எண்ணெய்க்கு விதி எதுவும் இல்லை."

"ரொம்ப நன்றி." லோர்னா அதைப் பிரிச்சுக்கூடப் பார்க்காம இடுப்புப் பையில செருகிக்கிட்டு, தொப்பியை இழுத்து விட்டுக்கிட்டு மழையில இறங்கிப் போனாங்க.

எனக்கு ஆறவே இல்லை.

"பார்த்தியா டெஸ், பொய் சொன்னவனுக்கெல்லாம் புது முனை. உண்மை சொன்னவங்களுக்கு ரெண்டு சொட்டு எண்ணெய்."

"மெதுவாப் பேசு. வர்றாங்க."

மார்லீன் சுத்திக்கிட்டு கவுன்டருக்கு வெளியே வந்து, வாடிக்கையாளர் நிக்கிற இடத்துல நின்னாங்க. இடுப்புலேருந்து தன் டூலை எடுத்து என் முன்னாடி வச்சாங்க.

"உடைஞ்சிடுச்சு."

"மறுபடியுமா?" டெஸ் சிரிச்சா.

நான் சிரிக்கலை. கடுப்போட ஒரு புது ஃபார்மை உருவினேன்.

"எப்படி உடைஞ்சுது?"

"ஸ்க்ரூ முடுக்கிட்டிருந்தேன்."

கண்ணை இமைக்காம சொல்லி, கையெழுத்தும் போட்டாங்க.

டூலைப் பிரிச்சேன். தட்டை முனை பிஸ்கட் மாதிரி குறுக்கே முறிஞ்சிருந்தது. மிச்சத்துல பச்சைப் பெயின்ட்.