வான்கோழிப் பிரட்டல்

மூடியைத் திறந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

ஐஸ்கிரீம் வாளி நிறைய வான்கோழி. வெள்ளை இறைச்சி, தடித்தடித்த துண்டுகள். நேற்று நத்தார்ப் பண்டிகை விருந்தில் எல்லோரும் வயிறு முட்டத் தின்றும் முடியவில்லை. புறப்படும்போது டோரீன் இந்த வாளியைக் கையில் திணித்து அனுப்பியிருந்தாள்.

டோரீன், மகள் ஆரணி கட்டப்போகும் பையனின் தாய்.

கட்டப்போகும் என்று இவள்தான் சொல்லிக்கொள்கிறாள். நாள் இன்னும் குறிக்கவில்லை. பையன் கைலுக்குத் தாயைவிட்டால் வேறு ஒருவருமில்லை. அந்த மனுசி மனமார ஒருதரம் நம் வீட்டுப் படி ஏறட்டும், பிறகு பார்க்கலாம் என்று ஆரணி பிடிவாதமாக நிற்கிறாள்.

அழைக்காமலா விட்டார்கள்? ஒருமுறை முதுகுவலி என்றாள். மற்றமுறை பனி என்றாள். ஸ்காபரோவில் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தால் யார்தான் வெளியே இறங்குவது?

நேற்று இவள் போனாள். உப்பில்லை, உறைப்பில்லை. இருந்தும் இன்னொருதரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பெண் கொடுக்கிற இடத்தில் நாக்கைக் கேட்டா சாப்பிட முடியும்?

பிரிட்ஜில் கிடந்ததில் இறைச்சி இன்னும் காய்ந்திருந்தது.

காய்ந்தால் என்ன.

கையாலேயே உதிர்த்தாள். தாச்சியில் எண்ணெய் காய்ந்ததும் வெங்காயமும் பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் போட்டாள். வீடு முழுக்க வாசம் எழுந்தது.

ஆஸ்பத்திரி வேலைக்குப் புறப்பட்டு வந்த ஆரணி, கழுவித் துடைத்து வைத்திருந்த வாளியைக் கண்டாள். கண்டதுமே விளங்கிவிட்டது.

"அம்மா, அது எறியிற வாளி. அவை திருப்பி எதிர்பார்க்க மாட்டினம்."

"எறியிறதோ வைக்கிறதோ, வந்த ஏனத்தை வெறுமையா அனுப்பிற பழக்கம் எனக்கில்லை."

"அதுக்கு அவையின்ர வான்கோழியையே திருப்பிக் குடுக்கிறதோ? எங்களுக்குப் பிடிக்கேல்லை எண்டெல்லோ அவ நினைப்பா!"

அவள் உதிர்த்த இறைச்சியைத் தாச்சியில் கொட்டினாள். மகள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் கையில் அகப்பை இருக்கும்வரை அவளுக்கு யாரும் புத்தி சொல்ல முடியாது.

மிளகாய்த்தூள் போத்தலுக்குள் கரண்டியை விட்டபோது மட்டும் கை நின்றது.

நிறையப் போட்டால் அந்த மனுசியின் வாய் வெந்துபோகும்.

போடாமல் விட்டால் அது நம்முடைய கறியே இல்லை.

அரைக் கரண்டியோடு நிறுத்தினாள். தேங்காயின் முதற்பாலைத் தாராளமாக விட்டாள். பால் வற்றி எண்ணெய் மேலே வந்தது. ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்தாள். நன்றாக இருந்தது. அதைச் சொல்ல அவளுக்கு வேறு ஆள் தேவையில்லை.

வாளி நிறைந்தது. ஆரணி முகத்தை நீட்டிக்கொண்டு அதை வாங்கிப்போனாள். போகிற வழியில் டோரீனிடம் கொடுத்தாள்.

அன்று ஒரு பதிலும் வரவில்லை.

மறுநாளும் இல்லை.

ஆரணி அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவள் சண்டை பிடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. பிள்ளையின் வாழ்க்கையில் தூளைக் கொட்டிவிட்டோமோ என்று தாய் யோசித்துக்கொண்டே இருந்தாள். இரவு சோற்றைப் போடாமலே படுத்தாள்.

அதற்கடுத்த நாள் மத்தியானம் கதவு மணி அடித்தது.

டோரீன்.

தோளெல்லாம் பனி. இரண்டு கைகளாலும் ஒரு பெரிய அலுமினியத் தட்டத்தைத் தாங்கிப் பிடித்திருந்தாள். அதில் மிச்ச வான்கோழி, எலும்பும் சதையுமாக.

ஆங்கிலத்தில் என்னவோ வேகமாகச் சொன்னாள். பாதிதான் விளங்கியது. அந்தக் கறியில் கைலுக்கு ஒரு வாய்கூடக் கொடுக்காமல் தானே தின்று முடித்தாள் என்பது நன்றாக விளங்கியது.

சப்பாத்தைக் கழற்றி வாசலில் ஓரமாக வைத்தாள். யாரும் சொல்லவில்லை. முதுகைப் பிடித்துக்கொண்டு நேரே குசினிக்குள் வந்து கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

சும்மா உட்கார விடுகிற வீடா இது? வெங்காயமும் கத்தியும் அவள் முன்னால் வந்தன.

தாச்சி சூடேறும்போது தொலைபேசி அடித்தது. வேலையிடத்திலிருந்து ஆரணி.

"என்னம்மா சத்தம்? ஆரும் வந்திருக்கினமோ?"

அவள் திரும்பிப் பார்த்தாள். டோரீன் கண்ணீர் வழிய வழிய வெங்காயத்தோடு போராடிக்கொண்டிருந்தாள். விட்டுக்கொடுக்கிற எண்ணம் அந்த முகத்தில் இல்லை.

"சம்பந்தி வந்திருக்கிறா," என்றாள். "வெங்காயம் வெட்டுறா. நீ அவசரப்படாம ஆறுதலா வா."