திட்டத்தில் இருக்கும் விடுப்பு

ஜெசிந்தா விடுப்புக் கேட்பதற்குள் திட்ட ஒருங்கிணைப்பாளர் ரெங்கராஜன் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"உங்க லீவு ஏற்கெனவே திட்டத்துல இருக்கேம்மா. வெள்ளிக்கிழமையிலேருந்து."

காரணம் என்ற இடத்தில் 'தந்தையின் அடக்கம்' என்று இருந்தது. அப்பா நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் உயிரோடுதான் இருந்தார். ஆனால் கடல் ஆராய்ச்சிக்கு வரக்கூடிய இடையூறுகளை முன்கூட்டியே கணிப்பதுதான் அந்தக் கணினித் திட்டத்தின் வேலை. புயல், படகுப் பழுது, ஊழியர் வீட்டுச் சாவு எதிலும் அது இதுவரை தவறியதில்லை.

"இப்பவே போறேன் சார். அடக்கத்துக்கு லீவு வேண்டாம். உயிரோட பாத்துட்டு வந்துடறேன்."

அவர் அதையும் திட்டத்தில் போட்டுப் பார்த்தார். "நீங்க பக்கத்துல இருந்தா இன்னும் ஒரு வாரம் இழுத்துக்கிட்டுக் கெடப்பாராம். பவளப்பாறை முட்டையிடற சமயம்மா இது. இதை விட்டா அடுத்த வருஷம்தான். மீறிப் போனா திட்டம் உங்க பேரையே ஆராய்ச்சிக் குழுவிலேருந்து எடுத்துடும்."

அவர் முன்னாலேயே அவள் அப்பாவுக்குப் போன் செய்தாள்.

"எப்ப மக்ளே வருவ?" குரல் மூச்சுக்கு நடுவே வந்தது.

"வெள்ளிக்கிழமை வந்திருவேம்ப்பா."

"செரி மக்ளே. உன்னப் பாக்காம நான் போவமாட்டேன்."

போனை வைத்தாள். திரையில் அவள் விடுப்பு ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போயிருந்தது. காரணம் மட்டும் அதேதான்: 'தந்தையின் அடக்கம்'.

"நல்லதாப் போச்சு," என்றார் ரெங்கராஜன். "இன்னும் ரெண்டு நாள் கடல்ல எறங்கலாம்."