அட்டைக்கடி

புரட்டாசி மழை விட்ட காலையில் சோலைக்காட்டைச் சுற்றிப் பார்க்கப் போனவர்கள், காடு முடிந்து புல்வெளி தொடங்கும் இடத்தில் உட்கார்ந்து, காலில் ஏறிய அட்டைகளை உப்பு வைத்து உதிர்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோர் கணுக்காலிலும் ரத்தம் வழிந்தது. தமயந்தியின் காலில் மட்டும் ஒன்றுகூட இல்லை. இத்தனைக்கும் அவள்தான் வெறும் செருப்போடு வந்திருந்தாள்.

"ஏதாச்சும் தடவியிருக்கியா?" என்றான் கணவன் செல்வகணபதி.

"இல்லையே."

வழிகாட்டி மாதன் ஓர் அட்டையைக் குச்சியில் எடுத்து அவள் பாதத்தருகே விட்டார். அது தலையைத் தூக்கி அங்குமிங்கும் அசைத்தது. பிறகு திரும்பி, அவசரமாகச் செல்வகணபதியை நோக்கி ஊர்ந்தது. யாரோ ஒருவர் சிரித்தார். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

கிளம்பும்போது மாதன், "நீங்க முன்னாடி நடங்கம்மா," என்றார்.

"எனக்கு வழி தெரியாதே."

"பரவால்ல. நான் பின்னாடி இருந்து சொல்றேன்."

காலையிலிருந்து அவள் கையை விடாமல் பிடித்துவந்த செல்வகணபதி, ஷூ கயிற்றைக் கட்டுவதுபோலக் குனிந்து பின்தங்கினான்.

ஈரப்புல்லில் தனியாக முன்னே நடந்தவள், பாறை மறைவில் ஓர் அட்டையை எடுத்து உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள்.

"கடிச்சிடு," என்று அதனிடம் கெஞ்சினாள்.