தொட்டி அறை

எழுந்தான். பல் தேய்த்தான். பாலைக் காய்ச்சி, ஆற்றி, மகளிடம் கொடுத்தான். அவள் குடித்து முடித்ததும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு, வீட்டின் பின்பக்கம் கட்டிவரும் புது அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

நேற்றும் இதேதான். சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் பெரியம்மா. குழந்தைக்குத்தான் பெரியம்மா, அவனுக்கு, செத்துப்போன மனைவியின் அக்கா.

கார் நிறுத்தும் இடத்தை அடைத்து எழுப்பிய அறை அது. உள்ளே கார் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் கடல் தண்ணீர், உயிருள்ள பவளம், மீன்கள். எடை தாங்குவதற்காகத் தரையில் கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டிருந்தான். ஜன்னல் வைக்கவில்லை. மூலையில் உப்பு மூட்டைகள் கிடந்தன.

புருஷனும் பெண்டாட்டியுமாக ஆசைப்பட்டுத் தொடங்கிய வேலைதான். அவள் போன பிறகு அப்படியே போட்டுவிடுவான் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை, கொத்தனாரைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டான். அவன் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீரை யாரும் பார்க்கவில்லை.

விடுமுறைக்கு என்று சொல்லிக்கொண்டு பெரியம்மா வந்து இறங்கிய அன்றே, குழந்தை அவளை இழுத்துப் போய்த் தொட்டியைக் காட்டினாள். செம்மஞ்சள் உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஒரு மீன், பவளத்துக்குப் பக்கத்தில் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. முன்பு ஜோடியாக இருந்ததாம். பெரியது அம்மாவாம், செத்துவிட்டதாம். இது அப்பாவாம், குட்டியாக இருந்தது இப்போது பெரிதாகிக்கொண்டே வருகிறதாம்.

துணை போனதும் தின்று கொழுக்கிறது என்று பெரியம்மா நினைத்துக்கொண்டாள். மீனை மட்டும் நினைக்கவில்லை.

சந்தேகம் சடையில் தொடங்கியது. போன தடவை காக்காய்க் கூடு மாதிரி இருந்த குழந்தையின் தலை. இப்போது வகிடு பிசகாத இரட்டைச் சடை. யார் பின்னிவிட்டது என்று கேட்டாள்.

"அம்மா" என்றாள் குழந்தை, பொம்மைக்குச் சட்டை மாட்டிக்கொண்டே.

ஏக்கத்தில் உளறுகிறது என்று முதலில் மனதைத் தேற்றிக்கொண்டாள். அப்புறம் துவைக்க எடுத்த அவன் சட்டைப் பையில் கொண்டை ஊசிகள் கிடைத்தன. அப்புறம், தண்ணீர்க் குழாய் பதிக்க வந்த பிளம்பர் பேச்சுக் கொடுத்தார்.

"மனுஷனுக்கே ஏசி போடாத வீடெல்லாம் பாத்திருக்கேம்மா. இவர் மீனுக்குப் போட்டிருக்கார். பின்னால தனியா ஒரு வாசல் வேற."

பின்னால் வாசல் எதற்கு? தண்ணீர் கொண்டுவர என்றார் பிளம்பர். பெரியம்மா தலையாட்டினாள். தண்ணீர் மட்டும்தான் வருகிறதா என்று கேட்கவில்லை.

அன்று மத்தியானம் தன் கணவரைப் போனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் அலட்டிக்கொள்ளவில்லை. சின்ன வயசு, எத்தனை நாள்தான் ஒண்டியாக இருப்பான் என்றார்.

"கட்டிக்கட்டும். யாரு வேணாம்னா? அதுக்காக நேத்து வந்தவள என் தங்கச்சி பொண்ணு அம்மான்னு கூப்பிடணுமா? பிள்ளைய நான் கூட்டிட்டு வந்துடறேன். நாம வளப்போம்."

சண்டை போட்டுத்தான் கூட்டி வரவேண்டும் என்றால் அதற்கும் தயார் என்றாள். ஒரு தடவை கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் போதும். குழந்தையின் துணிகளை மடித்து ஒரு பையில் வைத்தாள்.

இப்போது அந்தப் பை அவள் கையில் இருந்தது. அறைக் கதவில் காதை வைத்தாள். மோட்டார் சத்தம், தண்ணீர் விழும் சத்தம். அதற்கு மேலாகக் குழந்தையின் குரல்.

"அம்மா, வலிக்குதும்மா. மெதுவா."

கதவைத் திறந்து போட்டால் ஈரக் காற்று வீடெல்லாம் ஏறும், சார் திட்டுவார் என்று, அன்றும் வேலைக்கு வந்திருந்த பிளம்பர் பின்னாலிருந்து சொன்னார். அவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

உள்ளே நீல வெளிச்சம். தொட்டிக்குப் பின்னால் பார்த்தாள். உப்பு மூட்டைகளின் மறைவில் பார்த்தாள். பின்வாசல் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது; அதன் குறுக்கே பிளம்பரின் குழாய்கள் அடுக்கிக் கிடந்தன. அந்த வழியாக யாரும் வந்திருக்கவும் முடியாது, போயிருக்கவும் முடியாது.

"எங்க அவ?"

தொட்டிக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவன் நிமிர்ந்து பார்த்தான்.

"உங்களத்தான் தம்பி கேக்கறேன். வாயத் திறங்க."

அவனால் திறக்க முடியவில்லை. பல்லிடுக்கில் மூன்று கொண்டை ஊசிகளைக் கடித்துக்கொண்டிருந்தான். அவன் முழங்கால்களுக்கு நடுவில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து, பட்டை போட்ட மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள் குழந்தை. ஒரு சடை முடிந்திருந்தது. இன்னொன்று, பாதிப் பின்னலில், அவன் விரல்களுக்குள் இருந்தது.

பெரியம்மா குனிந்தாள். "இப்ப யாரைடா கண்ணு அம்மான்னு கூப்பிட்ட?"

குழந்தை திரும்பாமலே, கட்டைவிரலால் தன் முதுகுக்குப் பின்னால் இருந்தவனைக் காட்டினாள். பிறகு, இதுகூடத் தெரியாதா என்பதுபோல் சொன்னாள்:

"அம்மா மீன் செத்துட்டா, அப்பா மீன்தான் அம்மாவா மாறும் பெரியம்மா."