இடுப்புக் கொக்கி

முக்குளிப்பவரை நீருக்கடியில் இழுத்துச் செல்லும் நீரடி ஸ்கூட்டரை இடுப்புக் கயிற்றுக் கொக்கியில் மாட்டாமல் கடலில் இறங்கினால் முதலாளி வேலையை விட்டு அனுப்பிவிடுவார்.

"மாட்டியாச்சாடா?" என்று கேட்டாள் என்னோடு முக்குளிக்கும் பிரிஸ்கா அக்கா.

"மாட்டியாச்சுக்கா" என்றேன். தடித்த கையுறையில் கொக்கி பிடிபடவில்லை என்று சொல்ல வெட்கம்.

ஆழத்தில் நீரோட்டம் அடித்ததும் ஸ்கூட்டர் கைநழுவிக் கரும்பச்சைக்குள் இறங்கி மறைந்தது. அக்கா தன் ஸ்கூட்டரில் என்னையும் சேர்த்து இழுத்து வந்தாள். வழியில் ஒருமுறை திரும்பி, என் கயிற்று நுனியில் சும்மா ஆடிக்கொண்டிருந்த கொக்கியைப் பார்த்தாள்.

படகில் ஏறியதும் முதலாளியிடம், "கொக்கி உடைஞ்சு போச்சுண்ணே. அவன் மேல தப்பில்ல" என்றாள்.

"எங்க, காட்டு" என்று அவர் என்னிடம் வந்தார்.

குனிந்தேன். கயிற்று நுனியில் ஆடிக்கொண்டிருந்த கொக்கியைக் காணோம். குனிந்த தலையை நிமிர்த்த முடியவில்லை. பக்கத்தில் அக்காவின் மூடிய கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.